மலைக்கு வலப்பக்கம் ஒரு சாண்

"சார், லைட்டை அணைக்கச் சொல்லுங்க."

மைக் முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்த என் சட்டையைப் பின்னாலிருந்து யாரோ மெல்ல இழுத்தார்கள். திரும்பினேன். நேமிநாதன். எங்கள் கல்லூரி இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் அட்டெண்டர். ஒரு கையில் ஆய்வுக்கூடத்து ஸ்டாப்வாட்ச். இன்னொரு கையை நெற்றியில் வைத்து, டியூப் லைட் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு மேலே பார்க்க முயன்றார்.

"இன்னும் ஒரு நிமிஷம்தான் சார். அப்புறம் போயிடும்."

மைதானம் நிறைய ஜனம். அத்தனை பேரும் வானத்தைப் பார்க்க வந்து, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, "போய் ஸ்விட்ச் கிட்ட நில்லு. நான் சொல்றப்ப அணைச்சா போதும்" என்றேன்.

அவர் போனார். நான் பேச்சைத் தொடர்ந்தேன். செயற்கைக்கோள் ஏன் கீழே விழாமல் சுற்றுகிறது என்று விளக்கிக்கொண்டிருந்ததாக நினைவு.

அப்போது மணி ஏழுக்குப் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத வேண்டும். நாற்பது வருடமாக எழுதாமல் தள்ளிப்போட்டது.

சூத்திரம் தெரியும், திசை தெரியாது

சென்ற வாரம் என் தகப்பனார் கோயிலில் பூஜை முறை பார்த்த நாட்களை எழுதியிருந்தேன். அந்தக் குடும்பத்திலிருந்து விலகி, கணிதம் படித்து, ஊரிலேயே ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் ஆனவன் நான். கல்லூரியின் பெயர் வேண்டாம். தப்பு என்னுடையது.

எழுபதுகளின் பிற்பகுதியில் எங்களுக்கு வானத்தில் ஒரு பொழுதுபோக்கு கிடைத்தது. அந்தி வேளையில் கல்லூரி மொட்டைமாடியில் நின்றால், சில நாட்களில் ஒரு நட்சத்திரம் தன் இடத்தை விட்டு நகர்ந்து போவது தெரியும். சத்தம் இருக்காது. மினுக்காது. நாலைந்து நிமிடத்தில் வானத்தைக் கடந்து, சட்டென்று மறையும். அது செயற்கைக்கோள், பூமியின் நிழலுக்குள் போய்விட்டது என்பார் நேமிநாதன்.

அந்த நேரத்துக்கு மாடியில் ஆள் இருப்பதே அபூர்வம். ஆசிரியர்கள் வீட்டுக்குப் போயிருப்பார்கள், அல்லது டீக்கடையில் இருப்பார்கள். நேமிநாதன் மட்டும் இருப்பார். அவர் கீழ்பென்னாத்தூர் பக்கத்து ஜைனக் குடும்பம். வேர்க்கடலை பயிரிடுகிற வீடு. பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டார். ஆகவே ஐந்தரை மணிக்கே ஆய்வுக்கூடத்து மேஜையில், தராசுகளுக்குப் பக்கத்தில் டிபன் பாக்ஸைத் திறந்து தயிர்சாதத்தை முடித்துவிடுவார். ஊர் மொத்தமும் சாப்பாட்டை நினைக்கிற நேரத்தில் அவர் கை கழுவிவிட்டு வானத்தின் கீழ் நிற்பார்.

எங்கள் ஊரில் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடுவதால் சீக்கிரம் இருட்டுகிற மாதிரி இருக்கும். கார்த்திகை மாதத்தில் ஒருநாள் அவர் சாப்பிடும்போது நான் கேலி செய்தேன்.

"என்னப்பா நேமி, சூரியன் போயிடுச்சே. சாப்பிடலாமா?"

"மலைக்குப் பின்னாலதான் சார் போயிருக்குது. அஸ்தமனத்துக்கு இன்னும் பதினோரு நிமிஷம் இருக்குது."

"மதராஸ் பேப்பர்ல போட்டிருக்கற அஸ்தமனமா?"

"இல்ல சார். நம்ம ஊருக்குக் கணக்குப் போட்டது."

இந்தப் பதிலை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் வைத்துக்கொள்ளவில்லை.

மலையும் சுற்றினால்

என்னிடம் படிப்பு இருந்தது. நீள்வட்டத்தின் சமன்பாட்டைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். எத்தனை உயரத்தில் சுற்றினால் எத்தனை நிமிடம் ஆகும் என்று கரும்பலகையில் போட்டுக் காட்டுவேன். ஆனால் "இன்று சாயங்காலம் எந்தத் திசையில் பார்க்க வேண்டும்?" என்று ஒருவர் கேட்டால் எனக்குத் தெரியாது. இது எனக்கே குழப்பமாக இருந்தது.

ஒரு சுற்றுக்குத் தொண்ணூறு நிமிடம் என்றால், ஏழு மணிக்குத் தலைக்கு மேல் போனது எட்டரைக்கு மறுபடி தலைக்கு மேல் வர வேண்டும். அப்படி எண்ணி இரண்டு மூன்று முறை மாடியில் காத்திருந்தேன். வரவில்லை. எனக்குத் தெரிந்த சுற்று கிரிவலம்தான். இந்திர லிங்கத்தில் புறப்பட்டால் சுற்றி முடித்து இந்திர லிங்கத்துக்குத்தான் வந்து சேர்வோம். வேறெங்கே போவது?

நேமிநாதனிடம் சொன்னபோது அவர் சிரிப்பை அடக்கியது தெரிந்தது.

"சார், நீங்க சுத்தறீங்க. சரி. மலையும் கூடவே சுத்துனா?"

"மலை ஏம்பா சுத்தணும்?"

"சுத்துதுனு வச்சிக்கோங்க. நீங்க போற பக்கமாவே, உங்களைவிட மெதுவா. நீங்க ஒரு சுத்து முடிச்சிட்டு கிளம்பின எடத்துலயே வந்து நிக்கறீங்க. அதுக்குள்ள இந்திர லிங்கம் முன்னாடி தள்ளிப் போயிருக்கும். உங்க எதிர்ல ஈசான்ய லிங்கம் இருக்கும். இன்னொரு சுத்து வந்தா குபேர லிங்கம்."

நான் மனதுக்குள் லிங்கங்களைப் பின்னோக்கி எண்ணிப் பார்த்தேன்.

"எங்களுக்கு மலை சுத்தற வேலை இல்ல பாருங்க சார். அதான் எனக்கு சட்டுனு புரிஞ்சிடுச்சி."

பி.யூ.சி. வரை படித்தவர். நான் தங்கப் பதக்கம் வாங்கியவன். அன்று சிரித்தேன். வீட்டுக்கு நடக்கும்போது சிரிப்பு வரவில்லை.

அதற்கு மறுநாள் ஆய்வுக்கூடத்தில் அவர் செய்து வைத்திருந்த கருவியைக் காட்டினார். விளையாட்டுத் துறை தூக்கிப்போட்ட ஒரு கால்பந்து. அதில் மையால் இந்தியா, இலங்கை, அரபிக்கடல். எங்கள் ஊருக்கு ஒரு குண்டூசி. பந்தைச் சுற்றிச் சாய்வாக ஒரு செம்புக் கம்பி வளையம். வளையம் அசையாது, உள்ளே பந்து திரும்பும். ஒரு சுற்றுக்கு இருபத்திரண்டு டிகிரிக்குக் கொஞ்சம் மேல். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்பதை அவர் மூன்று வருடம் மாடியில் நின்று, ஸ்டாப்வாட்சால் நேரம் குறித்து, ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி எழுதிக் கண்டுபிடித்திருந்தார்.

நான் அந்தப் பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். புரிந்த மாதிரி இருக்கும். கீழே வைத்ததும் போய்விடும்.

தடுத்தால் வேகம்

இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன்.

மேலே மெல்லிய காற்று செயற்கைக்கோளை உரசித் தடுக்கிறது. தடுத்தால் வேகம் குறைய வேண்டும். ஆனால் நேமிநாதனின் நோட்டில் அது வரவர சீக்கிரமாக வந்தது. "தடுக்கத் தடுக்க கீழ எறங்குது சார். கீழ எறங்கினா வேகம் ஜாஸ்தி, சுத்து கம்மி" என்றார்.

சமன்பாட்டில் போட்டால் சரியாக வந்தது. மனம் ஒப்பவில்லை. இரண்டு வாரம் அந்தக் கணக்கைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன். பால் வாங்கப் போனவன் பாத்திரத்தைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தேன். என் மனைவி கேட்டாள், "எது சீக்கிரமா வருதாம்?" சொன்னேன். "வந்தா வந்துட்டுப் போவுது" என்றாள்.

நான் படித்த கணிதம் எனக்குச் சொல்லாத ஒன்றை, காதில் பென்சில் செருகிய ஓர் அட்டெண்டர் சாதாரணமாகச் சொல்கிறாரே என்பதுதான் உண்மையில் என்னை அரித்தது. அப்போது அதை நான் அறிவியல் சந்தேகம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிரின்சிபால் போட்ட நிபந்தனை

எண்பதுகளில் நம் நாட்டவர் ஒருவர் ரஷ்யர்களோடு விண்வெளி நிலையத்தில் போய்த் தங்கிய அந்தச் சில நாட்களை இன்று அறுபது வயதானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். டீக்கடையில் எல்லாம் அதே பேச்சு. அவர் என்ன சாப்பிடுவார், எப்படிக் குளிப்பார் என்று.

மதராஸிலிருந்த ஒரு விஞ்ஞான மன்றத்துக்கு நேமிநாதன் முன்பே கடிதம் எழுதியிருந்தார். சைக்ளோஸ்டைல் செய்த ஒற்றைத்தாள் வந்தது. அந்த விண்வெளி நிலையம் பூமத்திய ரேகையை எந்த நேரத்தில், எந்தத் தீர்க்கரேகையில் கடக்கும் என்று அதில் இருந்தது. அவ்வளவு போதும் அவருக்கு. இரண்டு நாள் பந்தைத் திருப்பினார். ஒரு சீட்டில் பென்சிலால் எழுதி என்னிடம் கொண்டுவந்தார்.

"புதன்கிழமை சாயங்காலம் சார். ஆறு அம்பது. வடமேற்குல இருந்து வரும். நம்ம மைதானத்துல நின்னு பாத்தா மலை உச்சிக்கு வலப்பக்கம் ஒரு சாண்."

கையை நீட்டி விரல்களை விரித்துக் காட்டினார். கட்டைவிரல் மலை உச்சியில். சுண்டுவிரல் பக்கம் அது வரும்.

அவருக்கு இதில் வேறொன்றும் இருந்தது. செயற்கைக்கோள்களைத் தொடர்ந்து கவனிக்கும் ஒரு நிலையத்தில் உதவியாளர் வேலைக்கு ஆள் கேட்டிருந்தார்கள். பட்டம் கட்டாயமில்லை, ஆனால் இந்த வேலையில் திறமை உண்டு என்று நிறுவனத் தலைவர் கையெழுத்திட்ட சான்று வேண்டும். அவர் பிரின்சிபாலிடம் போய் நின்றார். நானும் கூட இருந்தேன்.

பிரின்சிபால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நீ சொல்றதை நான் எப்படிய்யா நம்பி கையெழுத்துப் போடறது? ஊரையே கூப்பிடுவோம். மைதானத்துல காட்டு. தெரிஞ்சா அங்கயே போட்டுத் தரேன்." பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க முன்னால நின்னு நடத்துங்க. அட்டெண்டர் பேசினா நல்லா இருக்காது" என்றார்.

நீல மை

அறிவிப்பு எழுதும் வேலை எனக்கு. மதியம் ஆசிரியர் அறையில் அந்தச் சீட்டை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. பஞ்சாங்கம் வாங்கியதும் என் தகப்பனார் முதல் பக்கத்தில் பென்சிலால் ஓர் எண் எழுதுவார். அதன் பெயர் தேசாந்தரம். அச்சிட்ட சூரிய உதயம் வேறோர் ஊருக்கு. நம் ஊருக்கு இத்தனை நிமிடம் கூட்டிக்கொள்ள வேண்டும் என்ற கணக்கு. நாடு முழுவதும் ஓடுகிற கடிகாரம் வடக்கே அலகாபாத் பக்கத்துத் தீர்க்கரேகைக்கு வைத்தது. நாங்கள் அதற்கு மேற்கே மூன்றரை டிகிரி. ஆகவே எங்கள் ஊருக்குச் சூரியன் பதினான்கு நிமிடம் தாமதம். கூட்டாமல் பூஜைக்குப் போனவன் எங்கள் வீட்டில் கிடையாது.

சீட்டில் தேசாந்தரம் கூட்டிய தடமே இல்லை.

எனக்குள் ஏதோ குதித்தது. கண்டுபிடித்துவிட்டேன். அட்டெண்டர் விட்டதை நான் பிடித்துவிட்டேன். பென்சிலால் இருந்த 6.50ஐ அடித்து, நீல மையில் 7.04 என்று எழுதினேன்.

அறிவிப்புப் பலகையைப் பார்த்துவிட்டு நேமிநாதன் ஓடிவந்தார்.

"சார், நேரம் மாறியிருக்குதே."

"தேசாந்தரம் கூட்டியிருக்கேன். நீ விட்டுட்ட."

"அது சூரியனுக்கு சார்…"

"எல்லாத்துக்கும்தான். பரம்பரையா பாக்கறவன் நான். எனக்குச் சொல்லித் தரியா?"

பக்கத்தில் இரண்டு ஆசிரியர்கள் இருந்தார்கள். அவர் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பிப் போனார்.

சூரியன் தாமதமாக வருவது, பூமி மெல்லத் திரும்பி நம்மை அதன் முன்னால் கொண்டுபோய் நிறுத்த நேரம் ஆவதால். செயற்கைக்கோள் அதற்காகக் காத்திருப்பதில்லை. அந்த மூன்றரை டிகிரியை அது ஒரு நிமிடத்துக்குள் கடந்துவிடும். தவிர, நேமிநாதன் கணக்குப் போட்டதே எங்கள் ஊரின் தீர்க்கரேகையை வைத்து. கூட்ட வேண்டியது எதுவும் இல்லை. தினமும் தன் தயிர்சாதத்துக்காகத் தேசாந்தரம் பார்த்தவருக்கு, அது எங்கே வேண்டும் எங்கே வேண்டாம் என்று தெரிந்திருந்தது.

அந்த நீல மையில் அறியாமை எவ்வளவு, பொறாமை எவ்வளவு என்று என்னால் இன்றும் பிரிக்க முடியவில்லை.

ஏழு நாலு

மைதானத்துக்கு வருகிறேன்.

ஏழு மணி நான்கு நிமிடத்துக்குக் கையை உயர்த்தினேன். விளக்குகள் அணைந்தன. ஆயிரம் முகம் மேலே திரும்பியது. மலை கறுப்பாக நின்றது. ஒரு வௌவால் போனது. "அதோ" என்று யாரோ கத்தினார்கள். அது அசையாத நட்சத்திரம்.

ஐந்து நிமிடம். பத்து நிமிடம். குழந்தைகள் அழ ஆரம்பித்தன.

கூட்டத்திலிருந்து ஒரு குரல்: "சார், அவங்க மலையப் பாத்துட்டு எறங்கி சுத்தப் போயிட்டாங்களா?"

மைதானமே சிரித்தது. பிரின்சிபால் என் பக்கத்தில் வந்து, சிரிக்காமல், "என்ன ஆச்சு?" என்றார்.

"கணக்குப் போட்டது நேமிநாதன் சார்" என்றேன்.

அதில் பொய் ஒரு சொல்கூட இல்லை.

விளக்குகள் மறுபடி எரிந்தபோது நேமிநாதன் ஸ்விட்ச் பலகைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஆறு ஐம்பதுக்கு டியூப் லைட்டுகளின் அடியில் நின்றதால் அவருக்கும் எதுவும் தெரிந்திருக்கவில்லை. கையிலிருந்த ஸ்டாப்வாட்சை அவர் நிறுத்தவே இல்லை. அது ஓடிக்கொண்டிருந்தது.

வாசலில்

கூட்டம் கலைந்தபின் வெளியே வந்தேன். கல்லூரி வாசலுக்கு எதிரே, விளக்கில்லாத இடத்தில், ஓர் அம்மா அவித்த வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்தாள்.

"இன்னா சாமி, எல்லாம் திட்டிக்கினு போவுதுங்க? அதான் போச்சே."

"எது போச்சு?"

"நட்சத்திரமாட்டம் ஒண்ணு. சொய்ங்கினு. நீங்க மைக்ல பேசிக்கினு இருந்தீங்களே, அப்போ. மலைக்கு அந்தாண்ட இருந்து…" கையைத் தூக்கிக் காட்ட ஆரம்பித்தாள்.

"அது ஏரோப்ளேன்மா" என்றேன்.

"ஏரோப்ளேன்னா மினுக்குமே சாமி. சத்தம் வருமே."

"ஏரோப்ளேன்தான்" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டேன்.

இதுவரை எழுதியதையெல்லாம் குழப்பம் என்று சொல்லலாம். நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்த அம்மா கையைத் தூக்கிய கணத்தில் எனக்குக் குழப்பம் இல்லை. நேமிநாதன் சொன்னது சரி என்று தெரிந்துவிட்டது. தெரிந்தபிறகு செய்ததுதான் என் குற்றம்.

மைதானத்தில் ஒருவர் கண்ணிலும் அது படாததால், நேமிநாதன் தன் கணக்கையே சந்தேகித்துவிட்டார். மறுநாள் அவர் நோட்டைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். "என் தப்பு எங்கனு பாத்துச் சொல்லுங்க சார். விண்ணப்பத்துக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள். தப்பைக் கண்டுபிடிச்சிட்டா, இன்னொரு வாட்டி பிரின்சிபாலைக் கேட்டுப் பாக்கலாம்."

நோட்டை வீட்டுக்கு எடுத்துப்போனேன். ஒவ்வொரு வரியாகப் போட்டுப் பார்த்தேன். செயற்கைக்கோளின் போக்கைக் கணக்கிட நான் உண்மையில் கற்றுக்கொண்டது அப்போதுதான். வளையம், பந்து, அந்தக் 'கொஞ்சம்', தடுத்தால் வேகம், எல்லாம் தெளிந்தன. தப்பு எங்கும் இல்லை.

சனிக்கிழமை நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். "ரொம்ப சிக்கலான கணக்கு நேமி. உன்மேல குத்தம் இல்ல" என்றேன்.

"சரிங்க சார்" என்றார். அதன்பிறகு அவரை மாடியில் யாரும் பார்க்கவில்லை. நான் அந்தக் கணக்கை வகுப்பில் நடத்தினேன், ஓய்வு பெறும்வரை. நன்றாக நடத்துவதாகப் பெயர்.

கீழ்பென்னாத்தூர் பஸ்

மூன்று வருடத்துக்கு முன் ஒருநாள் பஸ் ஏறி அவர் ஊருக்குப் போனேன். வாசலில் வேர்க்கடலைக் கொடி காய்ந்துகொண்டிருந்தது. பொழுது இருக்கும்போதே சாப்பாட்டை முடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார். "சார்" என்றார். அதே குரல்.

"வானத்தைப் பாக்கறது உண்டா?" என்று கேட்டேன். அவரை 'நீங்கள்' என்று அழைக்க நினைத்துப் போயிருந்தேன். வாய் வரவில்லை, நீயும் நீங்களும் இல்லாமல் கேட்டுவிட்டேன்.

"அது நமக்கு வராத கணக்கு சார். அன்னிக்கே விட்டுட்டேன்."

சொன்னேன். நீல மை, வேர்க்கடலைக்காரம்மா, நோட்டில் தப்பு இல்லாதது, எல்லாவற்றையும். "நீங்க போட்டது சரி நேமிநாதன். ஆறு அம்பதுக்குப் போச்சு."

கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். அழுவார் என்றும் நினைத்தேன். அவர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். கையை நீட்டினார். மேற்கே, தூரத்தில், மங்கலாகத் தெரிந்த மலையை நோக்கி விரல்களை விரித்தார்.

"அந்தம்மா சொன்னாங்களா சார், மலைக்கு எந்தப் பக்கம்னு? வலப்பக்கம்தானே? ஒரு சாண் இருந்துச்சாமா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம் என்று தோன்றியது. ஒரே சொல். அந்த மனிதர் நிம்மதியாகத் தூங்குவார். பொய் எனக்குப் புதிதும் இல்லை. இங்கே எது நியாயம் என்று தெரியாமல் அவருடைய விரிந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கேக்கல" என்றேன். "காட்ட வந்தாங்க. நான் பாக்கல."

அவர் தலையை ஆட்டினார். நீட்டிய கை இன்னும் சிறிது நேரம் அங்கேயே இருந்தது. பிறகு ஒவ்வொரு விரலாக மடக்கிக்கொண்டார்.